பெரியமுத்து எந்த மேடு?

பாண்டி ஓங்கிய கடப்பாரையைப் பிச்சைமணி எட்டிப் பிடித்துக்கொண்டான். "அது எங்கப்பன் கெடக்குற எடம்லே."

பீர்மேட்டு எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடுகளில் இருவர் வீட்டுக்கும் ஒரே சுவர். பாண்டியின் அம்மா அழகுத்தாய் அன்று விடிகாலையில் இறந்திருந்தாள். "என்னை உங்கப்பன் பக்கத்துல போட்டுரு" என்றுதான் கடைசியாகச் சொன்னாள். உயிரோடு இருந்தபோது அவள் சொன்ன எதையும் பாண்டி ஒழுங்காகச் செய்ததில்லை. இதையாவது செய்துவிட வேண்டும் என்று குழிவெட்ட ஆட்களைக் கூட்டிக்கொண்டு, பிணம் வருமுன்னே மயானத்துக்கு வந்திருந்தான்.

பாண்டியின் அப்பா பெரியமுத்துவும் பிச்சைமணியின் அப்பா சங்கிலியும் ஒரே மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தவர்கள்; பிள்ளைகள் இருவருக்கும் அப்போது விவரம் தெரியாத வயது. புருஷனைப் புதைத்தால் பக்கத்தில் பெண்டாட்டிக்கும் இடம் விட்டுவைப்பது அங்கே வழக்கம். அதனால் இரண்டு மேடு, நடுவில் இரண்டு பேருக்கான இடம். மேல்மேட்டில் குரோட்டன்ஸ் செழித்திருந்தது. கீழ்மேட்டில் புல் மண்டிக் கிடந்தது.

ஆடி அமாவாசை காலையில் பாண்டி மேல்மேட்டில் கொஞ்சம் பிராந்தி ஊற்றி, மிச்சத்தைப் பாட்டிலோடு வைத்துவிட்டுப் போவான். சாயங்காலம் வேலை முடிந்து பிச்சைமணி அதே மேட்டுக்குத் தேங்காய் பழத்தோடு வருவான். சாராய வாசனைக்கே காறித் துப்பிய தன் அப்பன் தலைமாட்டில் பாட்டிலை வைப்பது யாரென்று அவனுக்கு வருஷா வருஷம் சந்தேகம் வரும். கேட்டால் அடுத்த வருஷம் பாட்டில் இருக்காதே என்று கேட்கவில்லை. வீணாகக் கூடாதென்று குடித்தும் வந்திருக்கிறான்.

ஆக, ஒருவருக்கு இரட்டைப் படையல், இன்னொருவர் முழுப் பட்டினி. பட்டினி கிடந்தது தன் அப்பன்தான் என்று ஒப்புக்கொள்ள இருவருக்குமே மனமில்லை.

குழிவெட்ட வந்தவர்கள் மண்வெட்டியில் சாய்ந்தபடி ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார் ஒருவர். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அம்மாவைத் தப்பான ஆளுக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிடுவோமோ என்று பாண்டி இரண்டு மேட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

அப்போதுதான் தேயிலைச் செடிகளுக்கு நடுவே பிச்சைமணியின் அம்மா பேச்சியம்மாள் ஏறி வந்தாள். பொம்பளை மயானத்துக்கு வரலாமா என்று யாரோ முனகியதை அவள் காதில் வாங்கவில்லை. சாட்சியே வந்துவிட்டதென்று பாண்டி ஓடினான்.

"சின்னம்மா, இதுல எங்கப்பா எது?"

"எனக்கெப்படித் தெரியும்? எங்க ரெண்டு பேரையும் எவன் இங்க வரவிட்டான்?"

அவள் எந்த மேட்டையும் பார்க்கவில்லை. நடுவிலிருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் அழகுத்தாயும் கல்யாணமாகி வந்த நாள் முதல் அடுத்தடுத்த வரிசையில் கொழுந்து பறித்தவர்கள்.

"நடுவுல வெட்டுங்க. அவ பக்கத்துல நான் வந்துருவேன். ஆம்பளைக எந்த ஓரத்துல கெடந்தா என்ன?"

"அம்மா அப்பா பக்கத்துலனுதான சொல்லுச்சு, சின்னம்மா."

"ஆம்பளப் புள்ளைகிட்ட வேற என்னத்தச் சொல்லுவா?"

பாண்டி புல்லில் கோடு கிழித்தான். பேச்சியம்மாள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"இன்னும் ஒரு அடி தள்ளிக்க. அவ ஒல்லி. நான் அப்படியா?"

விடிந்ததிலிருந்து வராத அழுகை பாண்டிக்கு அப்போது வந்தது. பிச்சைமணி மண்வெட்டியை எடுத்து, தன் அம்மாவை ஒருதரம் திரும்பிப் பார்த்து அளவெடுத்துக்கொண்டு, ஓரடி தள்ளி வெட்டினான்.