கடைசி ஒரு கஜம்

பந்து மேலே போய்க்கொண்டிருக்கிறது, போகவே வேண்டாத பந்து, மிச்சமிருப்பது ஒரே ஒரு கஜம், ஒரு ஆள் குப்புற விழுந்தாலே தாண்டிவிடுகிற தூரம், அதற்குப் போய் ஏன் இப்படி வானத்தில் எறியச் சொன்னார் என்று ஜெமிலா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கோட்டோரம் ஓடிய பையனின் விரல் நுனியில் பட்டுப் பந்து புல்லில் உருண்டது, ஆட்டம் போயிற்று, மூன்றாவது சனிக்கிழமையாக அதே மாதிரி போயிற்று. பின்வரிசையில் சோளப்பொரி தின்றுகொண்டிருந்த பெரியவர் எழுந்து கத்துகிறார், அந்த சிங்கைத் துரத்துங்கப்பா, காளை மாதிரி ஒருத்தன் நிக்கிறான், அவன் கையில குடுக்கத் தெரியலையே இந்த ஆளுக்கு. அந்த சிங் அவளுடைய புருஷன் தேவசிங் என்பது அவருக்குத் தெரியாது, அவளும் திரும்பிப் பார்க்கவில்லை, பன்னிரண்டு மணி நேரம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்றுவிட்டு நேரே வந்த கால், செருப்பைக் கழற்றிப் பலகைமேல் வைத்திருந்தாள், அதை மாட்டிக்கொள்ளக்கூடத் தெம்பில்லை.

தெற்கத்தி நாசரேத்திலிருந்து எட்டு வயதில் அப்பாவோடு கான்சஸுக்கு வந்தவர் தேவசிங், அமெரிக்கக் கால்பந்து என்கிற இந்த முட்டைப் பந்தை உதைக்கப் பழகி, உடம்பு பற்றாததால் மூளையைக் கொண்டு ஒட்டிக்கொண்டு, இப்போது இந்தச் சின்னக் கல்லூரியில் கணக்கு வாத்தியார், சனிக்கிழமைகளில் அடுத்து என்ன ஆட்டம் ஆடுவது என்று அணிக்குச் சொல்கிறவரும் அவர்தான். மார்த்தாண்டத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு இது ஆட்கள் முட்டிக்கொள்வதாக மட்டுமே தெரிந்தது, அவர்தான் சொல்லிக்கொடுத்தார், நாலு வாய்ப்பு, அதுக்குள்ள பத்து கஜம், அவ்வளவுதான் ஜெமி, கடைசியில ஒரு கஜம் நின்னா யோசிக்கவே வேண்டாம், இருக்கதுல பெரியவன் கையில குடுத்துட்டு எல்லாரும் பின்னாலேர்ந்து தள்ளணும். அப்படிச் சொன்ன மனுஷன்தான் மூன்று வாரமாக எறியச் சொல்கிறார், பெரியவன் டெரெல் நிற்கும்போதே, இருபது வயது டெரெல், அவள் வீட்டில் மீன்குழம்பு தின்று வியர்த்து, இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டிய டெரெல், நவம்பரில் பெரிய பல்கலைக்கழகத்து ஆட்கள் தங்கள் அணிக்கு எடுக்கலாமா என்று பார்க்க வரப்போகிற டெரெல்.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்து மத்தியானம் அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கையில் கேட்டாள், ஏங்க, அவன் கையில குடுத்தா என்ன? கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினார். பயிற்சியில ஒரு நாள் தலையில அடிபட்டுட்டு, என்றார், எந்திரிச்சவன் எதிர்ப்பக்கம் ஆடுன ஆளுங்களோட போய் நின்னான், அப்புறம் வண்டிக்குப் பின்னால வாந்தி எடுத்தான், நான் மட்டும்தான் பார்த்தேன், யார்ட்டயும் சொல்லாதீங்க சார், டாக்டர் எழுதிட்டா எல்லாம் போச்சுன்னு என் கையைப் பிடிச்சுட்டு அழுதான், வாக்கு குடுத்துட்டேன். அந்த ஒரு கஜத்துலதான் ஜெமி தலையோட தலை மோதும், அது மட்டும் அவனுக்கு வேண்டாம்னு பார்த்தேன்.

அவள் கண்ணுக்குள் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான், போன வருஷத்துப் பையனா இந்த வருஷத்தவனா, பைக்கிலிருந்து விழுந்தவன், ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு என்ன பெயர் என்று அவள் முகத்தையே பார்க்கிறான், மெல்ல அந்த முகம் டெரெலின் முகமாகிறது, இன்னும் கொஞ்சம் என்கிறான். மத்த நேரமெல்லாம் அவன் சும்மாவா நிக்கான், என்று கேட்டாள், முட்டுதான், தள்ளுதான், நான் பார்த்துட்டுத்தானே இருக்கேன், பாதியை மறைச்சு பாதியைக் காப்பாத்த முடியுமா? வாக்கு குடுத்துட்டேனே என்றார் மறுபடியும். யாருக்குக் குடுத்தீங்க, அவன் தலைக்கா? குரலை உயர்த்தக்கூட அவளுக்குச் சத்து இல்லை. நாளைக்குக் காலையில அணி டாக்டர்ட்ட நீங்க சொல்லுங்க, இல்லன்னா டியூட்டிக்குப் போற வழியில நான் இறங்கிச் சொல்லுவேன்.

சொன்னார். எப்போதிலிருந்து தெரியும் என்பதையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து இந்த வருஷம் பந்தைத் தொடக்கூடாது என்றுவிட்டார், தலைமைப் பயிற்சியாளர் இவரோடு பேசுவதை நிறுத்தினார், டெரெல் மட்டும் வகுப்பு வாசலில் வந்து நின்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டுப் போனான், சார் நீங்க சத்தியம் பண்ணீங்க. நவம்பரில் வர வேண்டியவர்கள் வரவில்லை. கடைசி ஆட்டத்தில், எப்படித்தான் அமையுமோ, மறுபடியும் ஒரு கஜம், தேவசிங் இந்தத் தடவை எறியச் சொல்லவில்லை, ஒல்லியான மாற்று ஆளிடம் கொடுத்துத் தள்ளச் சொன்னார், தள்ளினார்கள், ஆட்களின் குவியல் இருந்த இடத்திலேயே இருந்தது, சோளப்பொரிப் பெரியவர் எழுந்து எறிஞ்சிருக்கணும்டா என்று கத்தினார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. டிசம்பரில் கடிதம் வந்தது, கணக்கு வகுப்பு உண்டு, அணியில் இனி இடமில்லை. படித்துவிட்டு அவர் தூங்கப் போனார், பட்டப்பகலில், சட்டையைக்கூட மாற்றாமல், எத்தனையோ நாள் தூங்காதவர்போல் தூங்கினார்.

ஜனவரியில் ஆஸ்பத்திரி உணவகத்தில் காப்பியோடு உட்கார்ந்திருக்கிறாள், வெளியே பனி, எதிர் நாற்காலியை இழுத்து ஒருத்தி உட்காருகிறாள், டெரெலின் அம்மா லொரெய்ன், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், சீருடைக் கோட்டைக் கழற்றவில்லை. தலைவலி நிக்கவே மாட்டேங்குது, அதான் கூட்டிட்டு வந்தேன், மேலே உக்காந்திருக்கான், என்றாள். பிறகு கேட்டாள், உன் வீட்டுக்காரருக்கு எப்போ தெரியும்? தெரிந்த அன்றைக்கே சொல்லிவிட்டார் என்று ஒரு பொய், சின்னப் பொய், நாக்கு நுனி வரை வந்து நின்றது, வாரக்கணக்கில் அப்படிச் சின்னதாக ஒன்றை விழுங்கித்தானே இவ்வளவும். மூணு வாரம், என்றாள் ஜெமிலா, மூணு வாரம் தெரிஞ்சும் சொல்லல. அடி விழும், அல்லது காப்பி முகத்தில் வரும் என்று காத்திருந்தாள்.

எனக்கு அஞ்சு வாரம், என்றாள் லொரெய்ன். அதுக்கு முன்னாடியே வீட்டுல ஒரு நாள் விழுந்தான், நேத்து என்ன சாப்பிட்டேன்னு அவனுக்கு ஞாபகம் இல்ல, நான்தான் சொன்னேன், நவம்பர் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோடா கண்ணு.

மேலே டெரெலின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். லொரெய்ன் எழுந்தாள், மேசையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள், ஜெமிலா எழுந்து அவள் முழங்கைக்குக் கீழே கை கொடுத்தாள், யார் யார்மேல் சாய்ந்தார்கள் என்று தெரியவில்லை, லிஃப்ட் வரை அப்படியே நடந்தார்கள்.