மூச்சு எடுக்கும் இடம்

மேடையில் சினிமாப் பாட்டுப் பாடுகிற சத்தியநேசன் அண்ணனின் கானமேளா குழுவில் பதினோரு வருஷம் பாடினேன். திருவனந்தபுரத்தைச் சுற்றி உற்சவம் நடக்கிற கோயில்களில் நான் ஏறாத மேடை குறைவு. அத்தனை மேடையிலும் நான் பாடியது ஒரே ஒருத்தரின் பாட்டைத்தான். அந்தப் பெரிய பாடகியின் பெயரை எழுத எனக்கு மனமில்லை. அவர்மேல் ஒரு தப்பும் கிடையாது, எரிச்சல் என்னுடையது.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாட்டு வந்தால் கேசட்டை ஓடவிட்டு வரிகளை நோட்டில் எழுதுவோம். பிறகு இன்னொரு தரம் ஓடவிட்டு, அந்தப் பாடகி மூச்சு எடுக்கிற இடங்களில் சிவப்பு மையால் புள்ளி வைப்போம். அங்கேதான் நானும் மூச்சு எடுக்க வேண்டும். இடம் மாறினால் ஜனங்கள் கேலியாகக் கூவிவிடுவார்கள் என்பார் அண்ணன். இங்கே கூவல் விழுந்தால் மைக்கை வைத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். பதினோரு வருஷத்தில் எனக்கு ஒரு கூவல் விழுந்ததில்லை. அதை வேறு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், மடச்சி.

2001இல் குழுவை விட்டேன். என் பாட்டைக் கேட்டதும் இது கௌசல்யா குரல் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். ஆசை அவ்வளவுதான். முன்பு எங்களுக்குக் கீபோர்டு வாசித்த பிரஜின், கரமனையில் தன் வீட்டு மாடியறையில் கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தான். சத்தம் அடைக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை, ஜன்னலில் கம்பளி. தபேலா, வயலின் எதுவும் கிடையாது, எல்லாச் சத்தமும் அந்தப் பெட்டியிலிருந்துதான். எட்டுத் தமிழ்ப் பாட்டு என்று முடிவு செய்தோம். வரிகள் நான் எழுதியவை, மெட்டு அவன் போட்டது.

முதல் நாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றேன். தாளம் ஓடியது, எனக்கு வாய் திறக்கவில்லை. எப்படிப் பாட வேண்டும் என்று பிரஜினைக் கேட்டேன். சேச்சிக்குத் தோன்றுகிற மாதிரி பாடினால் போதும் என்றான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முன்னால் ஒரு கேசட் இல்லாமல் நான் எந்தப் பாட்டையும் பாடியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்குப் போய் நோட்டைத் திறந்தேன். அந்தப் பாடகி இதைப் பாடியிருந்தால் எங்கே மூச்சு எடுத்திருப்பார் என்று யோசித்து யோசித்து, என் சொந்த வரிகளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தேன். மறுநாள் பாட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. புள்ளிகளைப் பற்றிப் பிரஜினிடம் மூச்சுவிடவில்லை.

ஐந்தாவது பாட்டுக்கு மட்டும் புள்ளி வைக்க நேரம் கிடைக்கவில்லை. அன்று காலை பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை வேறு. மைக்குக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்தபடி, அந்த எரிச்சலிலேயே பாட்டை முணுமுணுத்தேன். முணுமுணுப்பு ஏறி, முழுச் சரணமும் பாடிவிட்டேன். பிரஜின் ரெக்கார்டிங்கை நிறுத்தியிருக்கவில்லை. எனக்குப் போட்டுக் காட்டினான். கனத்த குரல். மேலே போகும்போது உடைந்தது. ஒரு சொல்லுக்கு நடுவிலேயே மூச்சை இழுத்தது.

"யாருடா இது?" என்று கேட்டேன். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

"சேச்சிதான். இது கொள்ளாம், நல்லா இருக்கு கேட்டோ. இதையே வெச்சிரலாம்."

துணி மாற்றும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல் கூசிப்போனேன். "அழிச்சிடு. கூவுவாங்க" என்றேன். ஏன் என்று இரண்டு தரம் கேட்டான். நான் பக்கத்தில் நின்று அழிக்க வைத்தேன். அடுத்த நாள் புள்ளி வைத்துக்கொண்டு போய்ச் சுத்தமாகப் பாடிக் கொடுத்தேன்.

கேசட் வெளிவந்தது. அட்டையில் என் படமும் பெயரும் பெரிதாக இருந்தன. பழவங்காடியில் கேசட் கடை வைத்திருந்த கோலப்பன் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், காலையிலிருந்து அதையே ஓடவிட்டுக்கொண்டிருந்தார். நான் போய் நின்ற நேரத்தில், கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்த ஒரு அம்மாள் கடை முன் நின்று முழுப் பாட்டையும் கேட்டாள்.

அந்தப் பெரிய பாடகியின் பெயரைச் சொல்லி, அவர் பாடிய இது எந்தப் படம் என்று விசாரித்தாள். கோலப்பன் பெருமையோடு என்னைக் காட்டினார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படியே அவங்களப் போலே இருக்கே மோளே. ஒறிஜினல் இவிடெ கிட்டுமா?"

கோலப்பன் என்னைப் பார்க்காமல், அலமாரியிலிருந்து அந்தப் பாடகியின் கேசட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவள் சந்தோஷமாக வாங்கிப் போனாள். நல்லவள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேராகக் கரமனைக்குப் போனேன். அந்த டீ நேரத்துப் பாட்டுக்கு எங்கேயாவது காப்பி இருக்கிறதா என்று பிரஜினைக் கேட்டேன். அழித்ததை நானே பார்த்தவள், இருந்தும் கேட்டேன்.

"இல்ல சேச்சி. டிஸ்க்கில எடம் கம்மி. அதுக்கு மேலே வேற பாட்டெல்லாம் ஏத்தியாச்சு." மைக்கை என் பக்கம் திருப்பி, "இன்னொரு தரம் பாடுங்களேன்" என்றான்.

நோட்டைப் பைக்குள் போட்டு வாசலுக்கு வெளியே வைத்தேன். டீ போடச் சொல்லி, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கண்டக்டரை நினைத்தேன், பழவங்காடி அம்மாளை நினைத்தேன். கோபத்துக்குப் பஞ்சமில்லை. கண்ணை மூடிக்கொண்டு சரணம் முழுவதும் பாடினேன்.

பிரஜின் ஓடவிட்டான். மெல்லிய, தேன் போன்ற குரல். உச்சத்தில் ஒரு கீறல் இல்லை. எந்தச் சொல்லும் நடுவில் அறுபடவில்லை. ஒவ்வொரு மூச்சும் அந்தப் பெரிய பாடகி எடுத்திருக்கக்கூடிய இடத்தில்தான் விழுந்தது.

"அழிச்சிடு" என்றேன்.

இந்தத் தடவை அவன் ஏன் என்று கேட்கவில்லை.