வரிசையில் நின்ற பாறை

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு மலையுச்சிப் பாறை இறங்கிவந்து, சான்றிதழ் அலுவலக வரிசையில் ஏழாவது ஆளாக நின்றது. வரவழைத்தது அலுவலகம்தான். மகளை நர்சிங்கில் சேர்க்க, மலையில் தேனெடுப்பவர் ஒருவர் பழங்குடி இனச்சான்று கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை கடைசி நாள். படிவத்தில் பூர்வீகம் என்ற இடத்தில், எங்கள் முதல் பாட்டனும் பாட்டியும் பாறைப் பிளவிலிருந்து வெளியே வந்தவர்கள் என்று எழுதியிருந்தார். அதன்மேல் 'அசலை நேரில் காட்டவும்' என்று குறிப்பு போட்டவர், பட்டங்கள் கொள்ளாமல் இரண்டாவது பெயர்ப்பலகை மாட்டிக்கொண்ட அதிகாரி.

ஆறாவதாக நின்ற அம்மாள் மயங்கி விழுந்தார். எட்டாவது ஆள், "கொஞ்சம் முன்னாடி நகருங்க" என்று பாறையைத் தட்டினார். அதிகாரி நாற்காலியைவிட்டு எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். ஊழியர்களுக்கு அது இன்னும் பெரிய அதிசயம். வந்ததும், பாறைக்கு அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அப்படியானால் குலத்தொழிலைச் செய்துகாட்ட வேண்டும் என்றார். மூன்று மாடி அலுவலகத்தை ஒட்டி அதே உயரத்துக்கு நின்ற பாறையின் நடுவயிற்றில் தேனடை தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். தேனெடுப்பவர் இடுப்பில் கயிறு கட்டினார், ஆனால் இறங்கவில்லை.

"கயித்தை என் சம்சாரத்தோட அண்ணன்தான் பிடிக்கணும் சார். தங்கச்சி வாழ்க்கையாச்சே, அவருதான் கையை விடமாட்டாரு."

"கூப்பிடுய்யா அவனை."

"போன மழைக்குச் செத்துட்டாரு."

"நல்லா சாக்கு சொல்றீங்கய்யா!" என்று அதிகாரியே கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார்.

தேனெடுப்பவர் இறங்கினார். தேனீக்கள் கிளம்பின. விட்டுவிட்டு ஓடப் பார்த்த அதிகாரியின் உள்ளங்கையில் கயிறு தோலாக ஒட்டியிருந்தது. பேனாவைவிடக் கனமானது எதையும் தூக்கியறியாத மனிதர், கால்களை ஊன்றி, கொட்டு வாங்கிக்கொண்டே கத்தினார்: "மாப்ளே, பார்த்து! உன்னை நம்பித்தான் என் தங்கச்சி இருக்கா!" அதிகாரி வீட்டுக்கு ஒரே பிள்ளை.

அடையோடு தேனெடுப்பவர் மேலே வந்தபின்தான் கயிறு கையைவிட்டு உதிர்ந்தது. வீங்கிய முகத்தோடு அதிகாரி சான்றை நீட்டச் சொன்னார். உறவினருக்குக் கையெழுத்துப் போட விதி இடம் தராது என்று தலைமை எழுத்தர் இழுத்தார்.

"அது ரத்த உறவுக்குய்யா. இது கயித்து உறவு. கொண்டா."

வெள்ளிக்கிழமை மதியம் மகள் சேர்ந்துவிட்டாள். கல்லூரிப் படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் தாய்மாமன் என்று கையெழுத்துப் போட்ட அதிகாரி, தொழில் என்ற இடத்தில் கயிறு பிடிப்பது என்று எழுதினார். வாங்கிப் பார்த்த கவுன்ட்டர் பெண் முத்திரை குத்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.