பித்தளைக்கு ஒரு சத்தம்

அன்று காலை இருந்தவர்கள்: உலோகம் தேடும் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடையின் முதலாளி. அவருடைய மைத்துனர். கம்பிகளைப் பற்றவைக்கும் சாலிடர் அக்கா. அக்காவின் வயிற்றுக்குள் இறங்கியிருந்த மூன்று டம்ளர் தேநீர்.

கடைசியாகச் சொன்னதுதான் அவசரத்தில் இருந்தது.

கடைக்கு ஒரே கழிவறை. சேறும் சகதியுமான பின்முற்றத்தின் கோடியில். தெருவில் போகிறவரெல்லாம் நுழைகிறார்கள் என்று முதலாளி அதற்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டி வைத்திருந்தார். பித்தளைச் சாவி ஒன்றே ஒன்று. பின்வாசல் ஆணியில் தொங்கும். ஆணிக்கு நேர் கீழே, சேற்றில் நடக்க ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் நிற்கும். இன்று பூட்ஸ் நின்றது. ஆணி காலியாக இருந்தது.

"கடைசியா போனது நீதான்டா. மழையில ஓடி வந்தப்போ முத்தத்துல போட்டிருப்ப."

"சத்தியமா ஆணியில மாட்டினேன் அத்தான்."

"உன் தலையையே கழட்டி எங்கயாவது வெச்சுட்டு வந்தாலும் மாட்டினேன்னுதான் சொல்லுவ."

"சார், பூட்டை உடைச்சிடுங்க," என்றாள் அக்கா.

"ஊருக்கே கருவி சரிபண்றோம். நம்ம சாவியை நாமளே தேட முடியலன்னா மானம் போயிடும்மா."

மானம் போவதற்கு அக்காவிடம் வேறு வழி தயாராக இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முதலாளி ஒரு கருவியை எடுத்து மேசையில் கிடத்தினார். "முதல்ல சத்தத்தைச் சரிபண்ணணும்."

ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு சத்தம் வைக்கலாம். இரும்புக்கு எருமை முக்குவது போல ஒன்று வைத்தார். முற்றம் பூராவும் துருப்பிடித்த ஆணி என்பதால் உடனே அதன் வாயை அடைத்தார். பித்தளைக்குக் கடையின் முன்கதவுச் சாவியைக் காட்டிக் காட்டிக் குமிழைத் திருகினார்.

குயீ.

"எப்படி?"

"பிரமாதம் சார், கிளம்புங்க."

"கொஞ்சம் காது கூசுதோ?" திருகினார். ஙீ.

"மூக்கடைச்ச பூனை மாதிரி இருக்கு அத்தான்."

"தண்ணி சொட்டுற மாதிரி ஒண்ணு இருக்கு, கேக்கறீங்களா?"

"அதை வெச்சீங்க, நான் இன்னைக்கே வேலையை விட்டுடுவேன்," என்றாள் அக்கா, காலை மாற்றி மாற்றி ஊன்றியபடி.

கால் மணி நேரம் கழித்துப் பழைய குயீக்கே திரும்பினார். பூட்ஸை மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். "இடது கால்ல ஏதோ கல்லு குத்துது" என்று முனகினார். நின்று உதறப் பொறுமையில்லை.

கருவியைத் தரையை ஒட்டி இடதுபக்கம் ஆட்டினார். குயீ. மைத்துனர் தோண்டினார். சேறு. ஓர் அடி நகர்ந்தார். குயீ. சேறு. ஆறு குழி ஆயிற்று.

"தரை பூரா பித்தளை போல அத்தான். கடையை மூடிட்டுச் சுரங்கம் வைக்கலாம்."

"பொய்ச் சத்தம்டா. ஈர மண்ணு குழப்புது." முதலாளி குமிழைத் திருகிப் பித்தளையின் வாயையும் அடைத்தார். முற்றம் அமைதியானது. "ஆங், இப்பதான் சுத்தமா இருக்கு."

நிம்மதியாக நடந்து போய்க்கொண்டே இருந்தார்.

"சார்," என்றாள் அக்கா. "நாம எதைத் தேடறோம்?"

"பித்தளைச் சாவியை."

"எந்தச் சத்தத்தை நிறுத்துனீங்க?"

முதலாளி குமிழைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

அக்கா செருப்போடு சேற்றில் குதித்துக் கருவியைப் பிடுங்கினாள். பித்தளையின் சத்தத்தை முழுதாக ஏற்றினாள். அவருக்கு இடப்பக்கம் நீட்டினாள். குயீ.

"சார், ரெண்டடி தள்ளி நில்லுங்க."

நின்றார். அவர் நின்றிருந்த இடத்தில் சத்தமே இல்லை. கருவி அவரைத் தொடர்ந்து போனதும் குயீ. இடது பூட்ஸை ஒட்டிப் பிடித்தாள். கருவி கூப்பாடு போட்டது.

"கழட்டுங்க."

"சேறும்மா..."

"கழட்டுங்கன்னா!"

மைத்துனரின் தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றார். பூட்ஸைக் கவிழ்த்ததும், அளவு பெரிதென்று உள்ளே திணித்திருந்த செய்தித்தாள் விழுந்தது. அதன் பின்னால் சாவி விழுந்தது.

"ஆணியில மாட்டினேன்னு சொன்னேனா இல்லையா அத்தான்?"

"அது இருக்கட்டும். சத்தம் சரியாத்தானே வெச்சிருந்தேன்? நீயே சொல்லும்மா."

சொல்ல அக்கா அங்கே இல்லை. முற்றத்தின் கோடியில் இரும்புக் கதவு டமாரென்று அறைந்து மூடியது. உள்ளிருந்து சாவி இரண்டு முறை திரும்பியது.