வெள்ளிக் குழாய்

நர்ஸ் வெள்ளிக் குழாயின் உள்குழாயைக் கழற்றிக் காட்டியபோது எல்லம்மாள் ஒரு முறை கண்ணை இறுக மூடித் திறந்தாள். ஏழு வயதிலிருந்து மீன் வயிற்றைக் கீறிக் குடலை வழித்தெறிந்த கை அவளுடையது. எந்த ரத்தத்துக்கும் அது நடுங்கியதில்லை. இப்போது புருஷனின் தொண்டைக்குழியில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இருந்த அந்த ஓட்டைக்கு முன்னால் நடுங்கியது. அவன் விட்ட மூச்சு அங்கிருந்து வந்து அவள் விரலில் சூடாகப் பட்டது. பூவராகவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் கழுத்தில் நடப்பது யாருடைய காரியமோ என்பதுபோல, மேலே சுற்றிய விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெளிக்குழாய தொடவே கூடாதும்மா. உள்ள இருக்கறத மட்டும் காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி கழட்டி, சோடா உப்புத் தண்ணில கழுவி, கொதிக்க வச்சு மாட்டணும்" என்றாள் நர்ஸ். "பகல்ல இந்த அடைப்பப் போட்டுக்கட்டும், பேச்சு வரும். படுக்கும்போது எடுத்துடணும். அவரு தூங்கறதுக்காகத்தான் இத வச்சதே."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருபத்து மூன்று நாள் இருந்துவிட்டு அவர்கள் அன்று மதியம் பஸ் ஏறினார்கள். குழாயை மறைக்கக் கழுத்தில் கைக்குட்டை கட்டியிருந்தான் பூவராகவன். திருக்கழுக்குன்றம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். மலை தெரிந்ததும் திரும்பி, காத்து எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவளைக் கேட்டான். அங்கிருந்து கடல் பத்து மைல். பஸ்ஸுக்குள் இருப்பவளுக்கு அது எப்படித் தெரியும்? கடலிலிருந்து அடிக்கும் கொண்டல்தான் என்று சொல்லிவைத்தாள்.

அவன் குறட்டை மாமல்லபுரத்துக்கு வடக்கே இருந்த அவர்கள் குப்பம் முழுக்கப் பிரசித்தம். மூன்று வீடு தள்ளிப் படுப்பவர்கள்கூடக் கேலி பேசுவார்கள். கேலி பேசியவர்களுக்குக் குறட்டை மட்டும்தான் தெரியும், அது நிற்கும் இடம் தெரியாது. கல்யாணமான மறுமாதமே எல்லம்மாளுக்கு அது தெரிந்துவிட்டது. இழுத்து இழுத்து ஏறும் சத்தம் சட்டென்று அறுந்துபோகும். மார்பு மட்டும் தூக்கிப் போடும், மூச்சு வராது. அவள் எண்ணத் தொடங்குவாள். இருபது, முப்பது. நாற்பதுக்கு மேல் போனால் விலாவில் குத்துவாள். முங்கியவன் மேலே வந்ததுபோல ஒரு திணறலோடு மூச்சு திரும்பும். அவன் விழித்துக்கொள்ளக்கூட மாட்டான். பத்தொன்பது வருஷம் அவள் அப்படித்தான் படுத்தாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன மூன்று மாதமும் அவன் செத்துப்போனதாகத் தந்தி வரும் என்று காத்திருந்தாள். அப்போது பிறந்த மகளைக் கோவளத்தில் கட்டிக்கொடுத்து இப்போது ஒரு வருஷம் ஆகிறது.

பகலில் அவன் உட்கார்ந்த இடத்தில் தூங்கினான். சோற்றில் கை வைத்தபடி தூங்கினான், வலை பிரித்தபடி தூங்கினான். தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். கடலில் மட்டும் தூங்கமாட்டான் என்று எல்லோரும் நம்பினார்கள். மாசி மாதம் ஒரு காலை, கட்டுமரம் கரைக்கு வரும்போது, அலை மடங்கும் இடத்தில், பின்னால் துடுப்பு பிடித்திருந்த பூவராகவன் தூங்கிவிட்டான். ஒரு நொடிதான் இருக்கும். மரம் அலைக்குக் குறுக்கே திரும்பியது. முன்னால் இருந்தவன் எல்லம்மாளின் தம்பி சிங்காரம். புரண்ட மரத்துக்கும் மணலுக்கும் நடுவே அவன் முழங்கால் மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தக் கால் மடங்கவில்லை. அலை பெரிசு என்று சிங்காரம் ஊரெல்லாம் சொன்னான். அக்காளிடமும் அதையே சொன்னான். நடந்ததைச் சொன்னது பூவராகவன்தான், பத்து நாள் கழித்து, சோறு வேண்டாமென்று தட்டைத் தள்ளிவிட்டு.

சித்திரையில் அவன் கால் இரண்டும் வீங்கின. உதடு நாகப்பழ நிறமாயிற்று. ஒரு நாள் எழுப்பினால் எழவில்லை. செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். பார்த்தசாரதி என்ற இளவயது டாக்டர் ஓர் இரவு முழுக்க ஸ்டூல் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குறித்தார். தான் செய்த வேலையை இன்னொருவர் செய்வதை எல்லம்மாள் அன்றுதான் பார்த்தாள். விடிந்ததும் அவர் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். தூங்கும்போது இவனுக்குத் தொண்டை ஒட்டிக்கொள்கிறது, காற்றில்லாமல் இதயம் கெட்டுவிட்டது, ஒட்டும் இடத்துக்குக் கீழே ஒரு வழி வைத்தால் பிழைப்பான், இதற்காக இந்தப் பக்கத்தில் யாருக்கும் குழாய் வைத்துத் தான் பார்த்ததில்லை என்றார். அவனுக்கு நினைவு தெளியட்டும் என்று காத்திருக்க நேரமில்லை, அவள்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றார்.

"உங்க வீட்டுக்காரரு என்ன வேலை பாக்கறாரு?"

சொன்னாள். அவர், கழுத்தில் தண்ணீர் பட்டால் குழாய் வழியே நேரே நுரையீரலுக்குப் போய்விடும், குழாய் இருக்கும்வரை கடலில் இறங்கக் கூடாது, குழாய் அநேகமாகக் கடைசிவரை இருக்கும் என்றார். எல்லம்மாள் காகிதத்தில் கைநாட்டு வைத்தாள். கட்டைவிரல் மையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கடலில் இறங்கக் கூடாது என்றதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் இரவு மணலோடுதான் சண்டை. குப்பத்தில் காற்று என்றால் மணலும் சேர்ந்ததுதான். ஆஸ்பத்திரியில் சிமெண்டுத் தரை. இங்கே உள்ளங்கையைத் தரையில் வைத்து எடுத்தால் ஒட்டிவரும். பக்கத்து வீட்டில் கயிற்றுக்கட்டில் இரவல் வாங்கி, சுற்றிலும் பழம்புடவைகளைத் தொங்கவிட்டு, மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து வைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள். அவன் கட்டிலில் உட்கார்ந்தான், படுக்கவில்லை. குழாய்க்குள் எறும்பு பூந்தால் என்ன செய்வது என்று கேட்டான். கட்டில் காலுக்குக் கீழே தண்ணீர்க் கொட்டாங்கச்சி வைத்திருப்பதைக் காட்டினாள். பிறகு நிஜமான பயம் வந்தது.

"அடைப்ப எட்த்துட்டா கொரலு வராது. உன்ன எப்டி கூப்டறது?"

ஒரு பித்தளை டம்ளரையும் கரண்டியையும் தலைமாட்டில் வைத்தாள். அவன் கரண்டியை எடுத்து ஒரு தரம் தட்டிப் பார்த்தான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அப்புறம் அவனே அடைப்பை எடுத்தான். புஸ்ஸென்று மூச்சு வெளியே வந்தது. ஈரத்துணியை அவள் குழாயின் மேல் போட்டாள். மூச்சுக்கு மூச்சு அது எழும்பித் தாழ்ந்தது. வாய் மூடியிருந்தது, மூக்கு சும்மா இருந்தது. வீட்டுக்குள் குறட்டை இல்லை. கடல் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் படுத்தபடி கடல் சத்தத்தைக் கேட்பது அவளுக்கு அதுவே முதல் தடவை.

அவள் தூங்கவில்லை. சத்தமே இல்லாததால் எதை எண்ணுவது என்று தெரியவில்லை. எழுந்து எழுந்து துணிக்கு மேலே உள்ளங்கையைக் காட்டினாள். நடுச்சாமத்தில் டம்ளர் சத்தம் கேட்டு ஓடினால், சளி அடைத்து அவன் கண் பிதுங்கிக்கொண்டிருந்தது. உள்குழாயைக் கழற்றினாள், திரும்ப மாட்டினாள். கை நடுங்கவில்லை என்பது மாட்டி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மறுபடி தூங்கினான்.

ஐந்தாம் நாள் கால் வீக்கம் வடிந்தது. பத்தாம் நாள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒரு தடவைகூடக் கண் சொக்காமல் கிழிந்த வலையைப் பொத்தினான். பார்க்க வந்த பெண்கள் கைக்குட்டையை எடுத்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினான். அவன் இவ்வளவு பேசுவான் என்று எல்லம்மாளுக்கே தெரியாது. எத்தனையோ வருஷத்துக் கதைகளைச் சொன்னான், அவற்றில் பாதி அவன் அரைத் தூக்கத்தில் பார்த்தவையாக இருக்க வேண்டும். ஒரு மதியம் அவள் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். விழித்தபோது வெயில் தணிந்திருந்தது. குழம்பு இறக்கிவைக்கப்பட்டிருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தில் ஈ உட்காராமல் துண்டால் விசிறிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என்று கேட்டதற்கு, நீ தூங்கி நான் பார்த்ததே இல்லை என்றான். டாக்டர் சொன்னதை இப்போதே சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொல்லவில்லை.

ஆனித் தொடக்கத்தில் சிங்காரம் வந்தான். விறைத்த காலை முன்னால் நீட்டி மணலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். நெத்திலி வந்திருக்கிறது, பழைய கட்டுமரத்தைப் பிரித்துக் காயவைத்தது போதும், மறுபடி கட்டலாம் என்றான். மரத்தின் மேல் மண்டி போட வேண்டாம், காலை நீட்டிக்கொண்டே துடுப்பு போடலாம், பழகிப் பார்த்துவிட்டேன் என்றான்.

"மச்சான், நீ பின்னால குந்திக்கோ. எனுக்கு ஒண்ணும் பயமில்ல" என்றான்.

பூவராகவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மாசி மாதத்திலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் காத்திருந்தான் என்பது எல்லம்மாளுக்குத் தெரியும். அவன் நிமிர்ந்தபோது முகமே வேறாக இருந்தது.

"இப்பத்தான்டா கண்ணு தெளிவா கீது. நாளைக்கே கட்டலாம். அடைப்ப இறுக்கமா போட்டுகினா தண்ணி உள்ள பூராது."

"பூரும்" என்றாள் எல்லம்மாள்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"பூரும்னு டாக்டரு சொன்னாரு. கழுத்து மேல தண்ணி படக்கூடாதாம். ஆயுசுக்கும் கடலுக்குப் போவக்கூடாதாம்."

"எப்ப சொன்னாரு?"

"கைநாட்டு வெக்கறதுக்கு மின்னாடி."

சிங்காரத்தின் பீடி விரலிடுக்கில் எரிந்துகொண்டிருந்தது. அவன் அதை மணலில் குத்திவிட்டு, தடியை ஊன்றி எழுந்து நடந்தான். அவன் இழுத்த கால் மணலில் கோடு போட்டுக்கொண்டே போனது. அவன் கண்ணுக்கு மறையும்வரை பூவராகவன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனுக்கு ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா. வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

அவன் வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டான். கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், அழுதிருப்பாள், அதோடு போயிருக்கும். அன்று இரவு அவள் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தபோது அவன் அடைப்போடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் குறட்டை ஏறியது. பிறகு அறுந்தது. எல்லம்மாள் இருட்டில் உட்கார்ந்து எண்ணினாள். நாற்பது வந்ததும் விலாவில் குத்தினாள். மூன்று இரவு இப்படி. பகலில் அவன் மறுபடி வலைமேல் சாய்ந்து தூங்கினான். சாயங்காலம் கடற்கரைக்குப் போய் ஈரமணலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டு வந்தான். வீக்கம் திரும்பி, அவன் கணுக்காலை அமுக்கினால் குழி விழத் தொடங்கியது. ஒரு தொழிலுக்காக மனுஷன் இப்படியும் சாவானா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்தத் தொழில் இல்லாமல் அவன் யார் என்றும் கேட்டுக்கொண்டாள். கூடையைத் தூக்கிக்கொண்டு திருப்போரூருக்கு மீன் விற்க நாளெல்லாம் நடக்கத் தன்னால் முடியும். அவன் வீட்டில் உட்கார்ந்து குழாய் கழுவிக்கொண்டு இருப்பானா?

நான்காம் இரவு அவன் மல்லாந்து தூங்கினான். மூச்சு அறுந்தது. அவள் எண்ணவில்லை. கை நீட்டி அடைப்பைப் பிடித்து எடுத்துவிட்டாள். புஸ்ஸென்று காற்று வந்தது. அவன் கண்ணைத் திறந்தான். சிம்னி விளக்கின் வெளிச்சத்தில் அவன் உதடுகள் அசைந்தன. ஏதோ ஒரு வார்த்தை, இரண்டு தடவை. அவளுக்குப் புரியவில்லை. குழாயின் மேல் விரலை வைத்தால் குரல் வரும், அவனுக்கும் அது தெரியும். அவன் விரலை வைக்கவில்லை. டம்ளரைத் தட்டவில்லை. அடைப்பைத் திரும்பக் கேட்கவும் இல்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுப்பக்கம் இறங்கியது. அவள் துடைக்கவில்லை, இருவரும் அசையாமல் இருந்தார்கள். எப்போது அவன் தூங்கினான் என்று தெரியாது, எப்போது தான் தூங்கினோம் என்றும் தெரியாது.

விடியும்போது கட்டில் காலியாக இருந்தது. அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடினாள். கரையில் நாலைந்து மரங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. கடைசி மரம் சிங்காரத்துடையது. முன்னால் பக்தவத்சலம், அடுத்த வீட்டுக்காரன். சிங்காரம் விறைத்த காலை நீட்டி, பூவராகவனின் பழைய இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான். பின்னாலிருந்து மரத்தைத் தள்ளிக்கொண்டு போனது பூவராகவன். அடைப்புப் போட்டிருந்தான், மேலே கைக்குட்டை இறுக்கிக் கட்டியிருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. தொடைக்கு வந்தது. அவள் ஈரமணலில் இறங்கினாள். இடுப்பளவில் அவன் நின்றான். எதிரே அடுத்த அலை எழும்பிக்கொண்டிருந்தது, உச்சியில் இன்னும் வெள்ளை விழாமல். சிங்காரம் திரும்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பூவராகவன் இடது கையைத் தூக்கித் தொண்டையைப் பொத்திக்கொண்டான். வலது கை மரத்தின்மேல் இருந்தது.