அப்பாவுக்கு வழி சொல்லுதல்

"அப்பா, எந்திரிங்க. வீட்டுக்குப் போறோம்."

அப்பா செத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதற்குள் வேறொருவர் படுத்திருந்தார். புசிசிவே இலந்தைமுள் கிளையைக் கட்டில் ஓரத்தில் வைத்து இன்னொரு முறை கூப்பிட்டாள். புது நோயாளி கிளையைப் பார்த்ததும் கால்களை மடக்கி இடம் விட்டார்.

"நல்லபடியா போய்ச் சேருங்க பெரியவரே," என்றார் அப்பாவிடம். "தப்பிச்சீங்க. இங்க கஞ்சியில உப்பே போடறதில்ல."

அவள் அவருக்குப் பதில் சொல்லவில்லை. செத்தவரின் ஆவி ஏறி வரும் அந்தக் கிளையை எடுத்தால், குழி வரைக்கும் செத்தவரோடு மட்டும்தான் பேச வேண்டும். ஒவ்வொரு பாலத்தையும் திருப்பத்தையும் சொல்லிக்கொண்டே போக வேண்டும். சொல்லாவிட்டால் அவர் அங்கேயே நின்றுவிடுவார். கிளை தரையில் விழக் கூடாது.

மூத்த மகன் செய்ய வேண்டிய வேலை. அண்ணன் வுசுமுசி ஆளுங்கட்சி கவுன்சிலர். "அரை நாள் வாயை மூடணுமாம், அவனா?" என்று சின்னம்மாவே சிரித்துவிட்டாள். "நீயே பிடி புசி. சும்மாதானே இருக்க," என்றான் அவன். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. வாங்கி நான்கு வருடம் ஆகியும் வேலை இல்லை. அதற்குப் பெயர் சும்மா.

அண்ணனின் வெள்ளைக் கார் முன்னால் போனது. பின்னால் சவ வண்டி. பெட்டி பின்பக்கம்; ஓட்டுநர் சோண்டிக்குப் பக்கத்தில் அவள், மடியில் கிளை.

"அப்பா, டர்பன் ஊரைத் தாண்டிட்டோம். மேடு ஏறுறோம்."

"பெரியவர்கிட்ட சொல்லு தாயி, இந்த வண்டி மேட்டுல கொஞ்சம் இருமும், பயப்பட வேண்டாம்னு."

"அப்பா, வண்டி இருமுமாம்."

மூன்று நாளாகத் தூக்கமில்லை. சொல்லச் சொல்ல நாக்கு கட்டையாகியது. தூகேலா ஆற்றுப் பாலம் வந்தபோது அதையும் சொன்னாள். அடுத்து வருவது பிரிவு. இடதுபக்கம் பண்ணைக்குப் போகும் செம்மண் பாதை. வலதுபக்கம் டவுன், கல்லறைத் தோட்டம்.

பண்ணையில்தான் அப்பா பிறந்தார். வெள்ளைக்கார ஃபூரி குடும்பத்துக்கு ஆறு மாதம் கூலியில்லாமல் உழைத்தால், மீதி ஆறு மாதம் அந்த மண்ணில் குடிசை போட்டுக்கொள்ளலாம். அடிமைத்தனம் என்று அதை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு கறுப்பர்களுக்கும் ஓட்டு வந்தது. அங்கே உழைத்த குடும்பங்கள் நிலத்துக்கு வழக்குப் போட்டன, ஜெயித்தன. ஜெயித்த நிலத்தைக் குடும்பங்களின் அறக்கட்டளை ஃபூரியின் மகனுக்கே குத்தகைக்கு விட்டது. அவன் வேலி போட்டு, வரிக்குதிரை விட்டு, சுற்றுலா விடுதி கட்டினான். குடும்பங்கள் டவுனுக்கு வெளியே தகர வீடுகளுக்குப் போயின. சொந்த நிலத்துக்குள் நுழைய இப்போது காவலாளியிடம் கேட்க வேண்டும். அறக்கட்டளையின் தலைவர் வுசுமுசி. இதை வெற்றி என்று மேடையில் சொல்வான். கை தட்டுவார்கள்.

அம்மாவைப் புதைத்த குழி விடுதிக்குள் இருக்கிறது. "என்னை அவ பக்கத்துல போடுங்கடா," என்று அப்பா கேட்டபோது வுசுமுசி தலையாட்டினான். குழியை டவுனில் வெட்டச் சொன்னான். அங்கே கூடாரம் போட்டு, மாடு அறுத்து, கட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள்.

வெள்ளைக் கார் வலதுபக்கம் திரும்பியது. புசிசிவே வாயைத் திறக்கவில்லை.

சோண்டி பிரேக்கை மிதித்தார். "சொல்லு தாயி. சொல்லாம திருப்பினா பெரியவர் இங்கயே நின்னுருவாரு. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

அவள் கண்ணாடி வழியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னால் போன வெள்ளைக் கார் திரும்பி வந்து நின்றது. வுசுமுசி இறங்கி வந்தான். "என்ன புசி நாடகம்? எல்லாரும் காத்துட்டு இருக்காங்க!"

"அப்பா," என்றாள் அவள், "உங்க பிள்ளை வந்திருக்காரு. உங்களை எங்க கொண்டுபோறோம்னு கேளுங்க."

"என்கிட்ட பேசு!"

"அப்பா, அவருக்கு நம்ம வழக்கமெல்லாம் மறந்துபோச்சு. பெரிய மனுசன்."

"புதுக் குழி வெட்டக் கூடாதுன்னு குத்தகையில இருக்குடி. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் ஜன்னல் வழியாகக் கிளையை நீட்டினாள், விட்டுவிட்டாள். விழுவதற்குள் அவன் பிடித்துவிட்டான். முள் குத்திக் கை சிவந்தது.

"இப்ப நான் உன்கிட்ட பேசலாம்ணே," என்றாள். "டவுனுக்குத்தான் போறோம்னு நீயே அவர்கிட்ட சொல்லு. நான் தடுக்கல."

அவளைத் திட்ட வாயெடுத்தவன் கிளையைப் பார்த்து நிறுத்தினான். வெயிலில் நின்றான். பிறகு பெட்டியிருந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"அப்பா... குத்தகை விடலைன்னா அந்த மண்ணு சும்மா கெடக்கும்ப்பா. விதைக்கக் காசு எவன்கிட்ட இருந்துச்சு? நாப்பது பேருக்கு வேலை வந்துச்சு."

"படுக்கை விரிக்கிற வேலை," என்றாள் அவள்.

அவனால் அவளுக்குப் பதில் சொல்ல முடியாது. லாரி ஒன்று ஹாரன் அடித்துக் கடந்தது. காரை அங்கேயே விட்டுவிட்டு வண்டியில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்பா," என்றான் மெதுவாக. "இடது பக்கம் திரும்புறோம்."

விடுதி வாசலில் காவலாளி குனிந்து பார்த்தான். "தலைவரே! இன்னிக்கு மீட்டிங்கா?" வுசுமுசி பேசவில்லை. காவலாளி கிளையைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"மேனேஜர் கேட்டா, நான் சாப்பிடப் போயிருந்தேன்," என்று புசிசிவேயிடம் சொல்லிவிட்டுத் தடுப்பைத் தூக்கினான்.

உள்ளே பாதை வழவழவென்றிருந்தது. வண்டி நடை வேகத்தில் ஊர, வுசுமுசி சொல்லிக்கொண்டே வந்தான்.

"அப்பா, இது மாட்டுப்பட்டி. இப்ப ஜீப்பு நிக்குது." கொஞ்ச தூரம். "இது சின்னம்மா வீடு. இப்ப... இல்ல." இன்னும் கொஞ்ச தூரம். "அப்பா, இதுக்கு அந்தப் பக்கம் அம்மா."

வண்டி நின்றது. அந்தப் பக்கம் சரிவில், வேலிக்குள், அம்மாவின் குழி தெரிந்தது. இந்தப் பக்கம் அவர்கள் வீடு இருந்த இடம். சொல்லாமல் தாண்ட முடியாது.

வுசுமுசியின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. சோண்டி அவளைப் பார்த்தார்.

"பொறுங்க," என்றாள்.

அவர் எஞ்சினை அணைத்தார். வீடு இருந்த இடத்தில் இப்போது நீச்சல் குளம்; அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள், கண்களை மூடி, காதுகள் தண்ணீருக்குள்.