இருபது புள்ளி நான்கு

செய்முறைத் தேர்வுக்குப் பதினெட்டு மணி நேரம் இருந்தபோது, அந்த அரசுப் பள்ளியின் ஆய்வகத்துக்கு முதல்முறையாக ஒரு பெட்டி ரசாயனம் வந்தது. அதுவரை பியூரெட் என்ற அளவுக்குழாயில் தண்ணீர்தான்.

வேதியியல் பாடம் எடுத்தவர் வரலாறு மிஸ். கையேட்டைப் பார்த்துக் கரும்பலகையில் படம் போடுவார். "மேல ஊதா ஊத்துறோம்னு நினைச்சுக்கோங்க. கீழ குடுவையில இளஞ்சிவப்பு வந்துடுச்சுன்னு நினைச்சுக்கோங்க. அளவு இருபது புள்ளி நாலு."

நினைத்துக்கொள்வதில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் தேறிவிட்டார்கள். அதிலும் எல்லாரும் குச்சி என்று கூப்பிடும் ஒல்லிப் பெண் கெட்டிக்காரி. தண்ணீர் சரியாக இருபது புள்ளி நான்கு என்ற கோட்டைத் தொட்டதும் குழாயின் திருகை மூடிவிடுவாள்.

அவளுக்கு நர்சிங் சேர வேண்டும். செய்முறையில் தோற்றால் வருஷமே போய்விடும். அக்கா வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் இவளுக்கும் இடம் கேட்டு வைத்திருந்தார் அப்பா.

காலையில் தலைமையாசிரியை எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்.

"வெளியிலேருந்து வர்ற சார் கேட்டா, கெமிஸ்ட்ரி டீச்சர் லீவுன்னு சொல்லுங்க. மானத்தைக் கப்பலேத்திடாதீங்கடி."

"எத்தனை நாள் லீவு மிஸ்?" என்றாள் வகுப்பிலேயே உயரமான நெட்டை.

"உன் வாய்க்குத்தான் முதல்ல லீவு குடுக்கணும்."

தேர்வில் ஊதாக் கரைசல் சொட்டுச் சொட்டாக விழுந்து குடுவைக்குள் மறைந்தது. குச்சி குடுவையைப் பார்க்கவேயில்லை. கண் முழுக்க அளவுக்கோட்டில் இருந்தது. இருபது புள்ளி நான்கில் மூடினாள்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, நிறமே மாறலையே. ஏன் நிறுத்திட்டே?"

"அளவு வந்துடுச்சு சார்."

"அது உனக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?"

அவள் தாளை எடுத்துப் பார்த்தார். பக்கத்து மேசைத் தாளிலும் அதே எண். அதற்கடுத்த தாளிலும் அதே எண். அவர் முகம் மாறியது.

"ஒட்டுமொத்தமா காப்பியா? இப்படியே எழுதி அனுப்பினா எல்லாருக்கும் சைபர்தான், தெரியும்ல?"

"டீச்சர் லீவுல இருக்காங்க சார், அதான் பிள்ளைங்க கொஞ்சம் பதட்டத்துல..." என்றார் வாசலில் நின்ற தலைமையாசிரியை.

தேர்வாளர் குச்சியின் பியூரெட்டைத் திறந்தார். இன்னும் கொஞ்சம் ஊதா இறங்கியது. கடைசியாக விழுந்த ஒரு சொட்டு மறையவில்லை. குடுவை முழுக்க மெல்லிய இளஞ்சிவப்பு பரவி அப்படியே நின்றது.

"ஹை, நிஜமாவே வருது!" என்றாள் குச்சி, தன்னை மறந்து.

தேர்வாளர் தாள்களை மேசையில் வைத்தார்.

"இதுக்கு முன்னாடி நீ இதைப் பாத்ததே இல்லையா?"

தலைமையாசிரியை தொண்டையைச் செருமினார். குச்சிக்கு அது கேட்டது. ஆனாலும் தேர்வாளரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல சார். தண்ணி ஊத்தித்தான் பழகினோம். டீச்சர் லீவெல்லாம் இல்ல சார். ரெண்டு வருஷமா எங்களுக்குக் கெமிஸ்ட்ரி டீச்சரே கிடையாது."